நஸீரா மிஸ் கேட்ட கையெழுத்து

போன செவ்வாய்க்கிழமை, பாடசாலையில் இடைவேளை மணி அடித்த நேரம் தொலைபேசி வந்தது. நஸீரா மிஸ்ஸின் கந்தோரில் வேலை செய்யும் பாத்திமா அழுதுகொண்டே சொன்னாள்: "டீச்சர், மிஸ் மௌத்தாகிட்டாங்க. லுஹர் தொழுகைக்குப் பொறகு அடக்கம்." எனக்கு முதலில் வந்தது அழுகையல்ல, வெட்கம். எட்டு வருடமாக அவர் கேட்ட ஒரு கையெழுத்தை நான் போடவேயில்லை.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். அலவத்துகொடையில் பிறந்து, கண்டி நகரில் நொத்தாரிசாக இருந்தவர். காணி உறுதியும் மரண சாசனமும் எழுதுவது தொழில். ஆண்களின் பெயர்ப்பலகைகளே தொங்கிய வரிசையில் தம் பலகையையும் மாட்டினார். "பொம்புள எழுதின உறுதி நிக்குமா?" என்று கேட்டவரிடம், "விழுந்தா வந்து செல்லுங்க, நான் தாங்கிப் புடிக்கிறேன்" என்றாராம்.

நான் முதன்முதலில் அங்கே போன அன்று, தெல்தோட்டையிலிருந்து ஒருவர் தம் தாயை வேனில் ஏற்றி வந்திருந்தார். தாயின் வீட்டைத் தம் பெயருக்கு மாற்ற வேண்டுமாம். மிஸ் மகனை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார். உள்ளே கேட்ட கேள்வியும் பதிலும் வாசல் வாங்கில் உட்கார்ந்திருந்த எங்களுக்குக் கேட்டன.

"அம்மா, இதுல உங்களுக்கு விருப்பமா?"

"எனக்கு வேணாங்க மிஸ். அவன்தான் கூட்டியாந்தான்."

வெளியே வந்த மிஸ், எழுதிவைத்திருந்த தாளை மகன் முன்னாலேயே கிழித்தார். "அவங்க நான் கூட்டியாந்த ஆளுங்க!" என்று மகன் குதித்தார். "கூட்டிவந்தது நீங்கதான். கையெழுத்து வெக்கிற கை அவங்கட," என்றார் மிஸ். எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது.

இப்போது என் கதை. மாலதியை ஒன்பது நாள் குழந்தையாக நானும் கணவரும் எடுத்து வளர்த்தோம். பெற்றவள் பிரசவத்தில் போய்விட்டாள். தகப்பன் எங்கள் கையில் தந்துவிட்டுப் போனார். பெயர் வைத்து, காது குத்தி, மஹய்யாவையில் எங்கள் தெருவுக்கே சோறு போட்டோம். ஊர் சாப்பிட்டால் பிள்ளை எங்களுடையது என்று நினைத்தோம். நீதிமன்றம் போய்த் தத்தெடுக்க வேண்டும் என்று தோன்றவேயில்லை. படித்த டீச்சர் நான்!

என் கணவரின் கருமாதி அன்றே என் அண்ணன் வீட்டை அண்ணாந்து பார்த்து, "ஒனக்குப் பொறகு இது நம்ம ரத்தத்துக்குத்தானே" என்றார். வீடு என் பெயரில், என் சம்பளத்தில் கட்டியது. எரிச்சலோடு மிஸ்ஸிடம் ஓடினேன்.

"அண்ணன் செல்றது பொய்யில்ல டீச்சர்," என்றார். "தத்துக் கட்டள இல்ல, இனி எடுக்க புள்ளக்கு வயசும் போயிட்டு. எழுதாம நீங்க மௌத்தானா வீடு கூடப்பொறந்தவங்களுக்கு. மாலதி றோட்டுல."

எனக்குப் பிறகு வீடு மாலதிக்கு என்று அன்றே மரண சாசனத்தைத் தட்டச்சு செய்து தந்தார். நான் பேனாவை மூடி மேசையில் வைத்தேன். "எழுதினா சீக்கிரம் போயிருவோம்னு சொல்வாங்க, மிஸ்."

"எழுதினவங்களும் மௌத்தாகுற, எழுதாதவங்களும் மௌத்தாகுற. எழுதாதவங்கட புள்ளைகள்தான் அழுற."

தீபாவளி போகட்டும், தை பிறக்கட்டும் என்று சாட்டுச் சொன்னேன். தாள் அலுமாரிக்குள் மஞ்சளானது. கடைசியாகப் பார்த்தபோது அவர் படுக்கையில் இருந்தார். அப்போதும் விடவில்லை. "நான் இல்லயெண்டு சாட்டு செல்லவேணாம். நொத்தாரிசு இல்லாட்டி அஞ்சு சாட்சி ஒரே நேரத்துல நிண்டு கையெழுத்து வெச்சாலும் சட்டம் ஏத்துக்கும். வீடு கெடைக்கிற மாலதி மட்டும் சாட்சி வெக்கப்படாது."

ஜனாஸா வீட்டுக்கு மஹய்யாவையிலிருந்து ஆறு பெண்கள் ஒரே வேனில் போனோம். ஒவ்வொருத்தி வீட்டு உறுதியிலும் அவருடைய கையெழுத்து உண்டு. முகம் பார்த்து, ஜனாஸாவைத் தூக்கிச் செல்லும்வரை நின்றோம். திரும்பியதும் ஒருத்தியையும் வீட்டுக்குப் போக விடவில்லை. என் சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஐந்து பேரையும் நிறுத்தினேன். மிஸ் செய்ததுபோலவே மாலதியை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினேன். அவர்கள் பார்த்திருக்க நான் கையெழுத்திட்டேன். நான் பார்த்திருக்க ஐவரும் இட்டார்கள். நொத்தாரிசுக்கென்று விட்டிருந்த இடம் மட்டும் வெறுமையாகக் கிடந்தது. அதைப் பார்த்த பிறகுதான் அழுதேன்.

அண்ணன் இதை வாசித்தால் நல்லது. சாவும் வாசிக்கட்டும்.

போய் வாருங்கள், மிஸ். எழுதியாகிவிட்டது. நான் இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன்.