பன்னிரண்டு நிமிடத்துக்கு முன் போட்ட உத்தரவு

சகாயமேரிக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்த எந்திரத்தின் அருகே போவதானாலும், அதை ஓட்டுகிறவர் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் ஓர் அடி எடுத்துவைக்க மாட்டாள். நிலக்கரிச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளியாகப் பதினோரு ஆண்டுகள், மழைக்காலக் களிமண்ணைக் கரி ஓடும் பெல்ட்டிலிருந்து சுரண்டியபோதும் அப்படித்தான்.

"மேரிக்கா வந்துட்டாங்க, கையத் தூக்குங்கடா, போலீசு!" என்று கேலி செய்வார்கள்.

செய்யட்டும். அவள் கணவன் செபாஸ்டின் ஒரு தனியார் செங்கல் சூளையில், களிமண் அரைக்கும் எந்திரத்துக்குள் கைவிட்டிருந்தபோது எவனோ பொத்தானை அழுத்திவிட்டான். வீட்டுக்கு வந்த உடலைத் துணி விலக்கிப் பார்க்க அவளை யாரும் விடவில்லை.

சென்ற ஆண்டு, சுரங்க டவுன்ஷிப்புக்கு வெளியே ஒரு கொட்டகையில் சிறு நிறுவனம் ஒன்று வந்து இறங்கியது. செவ்வாய்க் கிரகத்தில் மண் தோண்டப்போகும் ரோபோவை அங்கே சோதித்தார்கள். அனல்மின் நிலையச் சாம்பலையும் பொடித்த செம்பாறையையும் சலித்து, காயவைத்து, குழியில் பரப்பி அந்தக் கிரகத்து மண் போல ஆக்குவது சகாயமேரியின் வேலை. இறுதிச் சோதனை தேறிவிட்டால் அவளைப் பர்மனென்ட் ஆக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். செபாஸ்டின் சாகும்வரை ஏங்கி, கிடைக்காமலே போன சொல் அது.

ரோபோவோ படுத்தி எடுத்தது. செவ்வாயில் எல்லாப் பொருளுக்கும் எடை குறைவு என்பதால், அதன் எடையில் பாதிக்கு மேல் கம்பி தாங்கும்படி கட்டித் தூக்கியே வைத்திருந்தார்கள். மண் அள்ளும் வாளி உள்ளே இறங்குவதற்குப் பதில் எந்திரமே மேலே எழும்பியது. ஊன்றி நிற்க அதற்குக் கனம் இல்லை. அள்ளிய பொடியும் வாளியில் அப்பிக்கொண்டு விழ மறுத்தது.

"ஒரு தட்டு தட்டுனா உழுந்துடும் தம்பி."

"அங்க தட்டுறதுக்கு யாருக்கா இருக்கா? நாம சொல்றது போய்ச் சேரவே அம்மாம் நேரம் ஆவும்" என்றான், அதை இயக்கும் இளம்பரிதி.

அதற்காகவே கணினியில் பன்னிரண்டு நிமிடத் தாமதம் வைத்திருந்தார்கள். இப்போது போடும் உத்தரவு பன்னிரண்டு நிமிடம் கழித்தே எந்திரத்தை எட்டும்.

இறுதிச் சோதனையில் முப்பதாவது வாளி அடைத்துக்கொண்டது. இன்னும் பத்து அள்ளினால் போதும். பார்க்க வந்த பெங்களூர் அதிகாரிகள் தேநீருக்கு வெளியே போயிருந்தார்கள். வாளியை உதறச் சொல்லி உத்தரவு போட்டுவிட்டு, இளம்பரிதி தலையில் கைவைத்து உட்கார்ந்தான். நிமிடங்கள் நகர்ந்தன. சகாயமேரி எழுந்தாள்.

"நான் போயி தட்டிவுட்டுடட்டா?"

"வாணாங்க்கா. யாராச்சும் பாத்துட்டா..."

"யாரு பாக்குறா? எல்லாரும் பஜ்ஜி துன்னுகினு இருக்காங்க. நீ கையத் தூக்கு."

தூக்கினான். இரண்டு கைகளும் தலைக்கு மேலே. அவள் நன்றாகப் பார்த்துக்கொண்டாள். நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு குழிக்குள் இறங்கினாள். வாளிக்குள் வலது கையை விட்டாள்.

பன்னிரண்டாவது நிமிடம் வந்தது.

மூன்றாம் நாள், மருத்துவமனையில், வலது கையில் பெரிய கட்டோடு கிடந்தவளுக்கு மகள் எவாஞ்சலின் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"அந்த மெஷினு என்னாச்சுடி?"

"கழுவித் தொடச்சிட்டு மறுநாளே ஓட்டுனாங்களாம்மா. நாப்பது வாளியும் அள்ளிடுச்சாம். பாஸாம்."

"மண்ணு சலிக்க ஆளு?"

எவாஞ்சலின் கரண்டியைப் பார்த்தாள். "கம்மாபுரத்துலேர்ந்து பேச்சியம்மாள்னு ஒருத்தவங்க. கான்ட்ராக்ட்டுதானாம்."

வாசலில் இளம்பரிதி வந்து நின்றான். மூன்று நாளாகத் தூங்காத முகம்.

"நான் எதையும் தொடலக்கா. முன்னாடி போட்ட உத்தரவு... மறந்தே போயிட்டேன்க்கா."

"நீ தொடலப்பா. நாந்தான் பாத்துகினே இருந்தனே."

அவன் தேம்பினான். அவனையும் அறியாமல் அவனுடைய இரண்டு கைகளும் தலைக்கு மேலே எழுந்து நின்றன.

"எறக்குப்பா" என்றாள் சகாயமேரி.

அவன் இறக்கவில்லை.