அக்காவின் மாடுகள் எந்த அரசாங்கத்து மாடுகள்?

இந்த நினைவு மலருக்குக் கடைசியாகக் கட்டுரை கொடுத்தவன் நான்தான். அச்சகத்துக்காரர் என் டீக்கடைக்கே வந்து உட்கார்ந்து, எழுதித் தரும்வரை ஓசி டீ குடிப்பேன் என்று மிரட்டியதால் எழுதுகிறேன். பால் கறந்தவரின் தம்பி என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது. மாடு என்றால் பயம் வேறு. முதலாமாண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் உறவுகளும் நண்பர்களும் பிழை பொறுக்க வேண்டும்.

அக்கா திருநள்ளாற்றுக்கு மேற்கே, எங்கள் சிற்றூரில், நெல் விவசாயக் குடும்பத்தின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார்கள். எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வந்து, குளத்தில் முழுகி, பிடித்த பீடையை விட்டுவிட்டுப் போகிற ஊர் பக்கத்தில் இருக்கிறது. விட்டதெல்லாம் எங்கே போகும்? “பக்கத்துல இருக்குற நம்ம மேலதாண்டா ஏறும்” என்பார்கள் அக்கா, சிரித்துக்கொண்டே. நானும் சிரித்திருக்கிறேன். இப்போது அந்தப் பேச்சு ஞாபகம் வந்தால் கடையில் விளக்கைப் போட்டுக்கொள்கிறேன்.

உள்ளூரிலேயே வாழ்க்கைப்பட்டார்கள். மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருஷம் அத்தான் மஞ்சள் காமாலையில் போய்விட்டார். அதற்குப் பிறகு அக்காவை மாடுகள் காப்பாற்றின, மாடுகளை அக்கா காப்பாற்றினார்கள். மகள் நர்ஸ் படித்தது அந்தப் பாலில். கோவில்பத்தில் என் கடை ஓடுவதும் அந்தப் பாலில். ஒரு நாள் கடைக்கு வந்த அக்கா ஒரு வாய் டீ குடித்துவிட்டு, வாடிக்கையாளர்கள் எல்லாரும் கேட்கும்படி, “ஏண்டா தம்பி, நான் குடுத்த பால எங்க வச்சிருக்க? பீரோவுல வச்சுப் பூட்டிட்டியா?” என்றார்கள். அன்று சிரித்தவர்களில் பாதிப் பேர் இன்னும் என்னிடம் பாக்கி வைத்திருப்பவர்கள்.

அத்தான் விட்டுப்போன சொத்தில் ஒரு வில்லங்கம் இருந்தது. வீடு வாய்க்காலுக்கு இந்தப் பக்கம். மாட்டுக் கொட்டகையும் புல்லுக் கொல்லையும் அந்தப் பக்கம். இந்தக் கரை காரைக்கால், அதாவது புதுச்சேரி அரசாங்கம். அந்தக் கரை தமிழ்நாடு. நடுவே இரண்டு பனைமரங்களைப் போட்ட பாலம். அதில் ஆள் நடக்கலாம், மாடு தண்ணீரில் இறங்கித்தான் வரும். எல்லை எது என்று மாடுகளுக்குத் தெரியாது. இரண்டு அரசாங்கத்துக்கும் பாரபட்சம் இல்லாமல் சாணி போட்டுக்கொண்டிருந்தன.

தீவன விலை ஏறி, பால் விலை ஏறாமல், ஊரில் ஒவ்வொரு வீடாக மாட்டை விற்றுக்கொண்டிருந்த காலத்தில், மானியத் தீவனம் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு அக்கா இந்தப் பக்கத்து அலுவலகத்துக்குப் போனார்கள். எனக்குப் பேச வரும் என்று நம்பி என்னையும் கூட்டிப்போனார்கள்.

“மாடு எங்கம்மா நிக்கிது?” என்றார் அங்கிருந்த அதிகாரி.

“வாய்க்காலுக்கு அந்தாண்ட சார்.”

“அது தமிழ்நாடாச்சே. அங்க போயி கேளுங்கம்மா.”

அங்கே போனோம். அங்கிருந்த அதிகாரியும் நல்ல மனுஷர்தான்.

“ஒங்க ரேஷன் கார்டு பாண்டிச்சேரி கார்டும்மா. மாடு நம்ம பக்கம் நின்னாலும் நீங்க நம்ம ஆளு இல்லியே.”

“அப்ப மாட்டுக்கு மட்டும் ஒரு கார்டு போட்டுக் குடுத்துருங்க சார்” என்றார்கள் அக்கா.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரிப்புக்கு மானியம் கிடையாது. இரண்டு இடத்திலும் நான் பேசியது “வணக்கம் சார்” மட்டுமே.

தீவனம் இல்லாமல் சமாளித்தார்கள். போன வருஷம் ஐப்பசியில் மாட்டம்மை வந்தது. தோல் கழலை நோய் என்று ஆஸ்பத்திரியில் சொல்வார்கள். மேற்கேயிருந்து ஊர் ஊராக நகர்ந்து வந்தது. நேற்று வரை பால் கொண்டுவந்தவர் இன்று வெறும் கையோடு நிற்பார். வயலோரமாகப் புதிதாகக் குழி வெட்டிய மண் தெரியும். ஈ அதிகமாயிற்று. என் கடைச் சர்க்கரை டப்பாவில் உட்காரும் ஈ எந்த ஊரிலிருந்து வருகிறதோ என்று பார்த்துக்கொண்டே நிற்பேன்.

எங்கள் ஊரில் தடுப்பூசி முகாம் என்று அறிவித்தார்கள். காரைக்கால் மாடுகளுக்குத்தான். அக்கா அன்று சாயங்காலமே மாடுகளை வாய்க்காலில் இறக்கி ஓட்டிவந்து, டைல்ஸ் போட்ட கூடத்தில் சாக்கு விரித்து, ஜன்னல் கம்பிகளில் கட்டிவிட்டார்கள். டிவிக்கு எதிரே ஒன்று அசைபோட்டுக்கொண்டிருந்தது. முகாமுக்கு வந்த டாக்டர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

“என்னம்மா இது, வீட்டுக்குள்ளயா?”

“இனிமே இதுங்க இங்கதான் குடியிருக்குதுங்க சார். ஊசியப் போடுங்க.”

போட்டார்.

செவலைப் பசுவை மட்டும் அக்கா கொண்டுவரவில்லை. அதன் கழுத்தில் அதற்குள் கட்டி கிளம்பியிருந்தது. கூட்டிவந்தால் மற்றவற்றுக்கும் ஒட்டும் என்று அந்தக் கரையிலேயே தனியாகக் கட்டினார்கள். வெற்றிலை, மிளகு, வெல்லம் அரைத்த உருண்டையும் வேப்பிலை மஞ்சள் பூச்சுமாகக் காலையும் மாலையும் பாலத்தைத் தாண்டிப் போய்வந்தார்கள். அந்தப் பக்கத்துக் கால்நடை மருத்துவர் ஒருவர், வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் வண்டியை நிறுத்திக் காய்ச்சலுக்கு ஊசி போட்டார். “நான் மாட்டத்தான் பாத்தேன், கார்ட பாக்கல” என்றாராம்.

கார்த்திகை பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. வாய்க்காலில் தண்ணீர் நிறம் மாறி, சத்தமில்லாமல் ஏறியது. அன்று காலை பால் வர நேரமாகும் என்று சொல்ல அக்கா கடைக்குப் போன் செய்தார்கள்.

“மழ விடட்டும்க்கா, அப்புறம் போ” என்றேன்.

“செவலையக் கட்டிப் போட்டுருக்கேன்டா. அவுத்து விட்டாத்தான மேட்டுக்கு ஏறும்? கொட்டகையில தண்ணி வந்துட்டா அது என்ன செய்யும்?”

“அதுக்கு நீந்தத் தெரியும்க்கா.”

“ஒனக்கு எதுக்குடா மாட்டப் பத்தி? ஒன்னையப் பாத்தா அதுவே பயப்படுது. நீ டீயப் போடு.”

பிறகு பக்கத்து வீட்டு அம்மா போனில் பேசினார்கள். “தம்பி, செவலை மட்டும் தனியா வந்து நிக்கிது. அக்காவக் காணும். வாங்க சீக்கிரம்.”

நான் போனபோது பட்டப்பகலிலேயே இருட்டிக் கிடந்தது. செவலை வாசலில் நனைந்து நின்றது. கழுத்துக் கயிறு தரையில் இழுபட்டுக் கிடந்தது. அறுந்த கயிறு இல்லை, முடிச்சு அவிழ்த்த கயிறு. கூடத்தில் இருந்த மாடுகள் ஒன்றுகூடக் குரல் கொடுக்கவில்லை. பாலத்தில் ஒற்றைப் பனைமரம்தான் இருந்தது.

அக்காவை மதகுக்குப் பக்கத்தில் எடுத்தார்கள்.

தண்ணீரில் இறங்கித் தேடிய இரண்டு கரைப் பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பம் நன்றி சொல்கிறது. எந்தப் பக்கம் என்று அன்று யாரும் கேட்கவில்லை. செவலைக்கு ஊசி போட்ட மருத்துவருக்கும், காரியம் முடியும்வரை மாடுகளுக்குத் தண்ணி காட்டிய பக்கத்து வீட்டு அம்மாவுக்கும், சாப்பாடு கொண்டுவந்த வீடுகளுக்கும் நன்றி. செவலை பிழைத்துக்கொண்டது. ஊசி போடும் வயதாகாத கன்று ஒன்று தப்பவில்லை. மற்றவை இப்போது என் பொறுப்பு. நானும் அவையும் ஒருவரையொருவர் பார்த்துப் பயந்துகொண்டே பிழைக்கிறோம். மானியம் கேட்டு நானும் இரண்டு கரைக்கும் அலைகிறேன். இப்போது “வணக்கம் சார்” தவிர இன்னும் சில வார்த்தைகள் பேச வருகிறது. பதில்தான் மாறவில்லை.

இந்த வருஷமும் மேற்கே கட்டி கண்டிருக்கிறது என்கிறார்கள். அதனால் மாடுகளை அக்கா வீட்டுக் கூடத்தில் கட்டியிருக்கிறேன். நினைவு நாள் சாப்பாட்டுக்கு மாடியில்தான் இலை போடுகிறோம், வயதானவர்கள் மன்னிக்கவும்.

அந்தக் கரையிலிருந்து வரும் சொந்தங்களுக்கு ஒரு வேண்டுகோள். வாய்க்கால் வழி குறுக்குவழி என்று தெரியும். புது மரம் போட்டாயிற்று என்றும் யாராவது சொல்வார்கள். தண்ணீர் வந்துவிட்டது. எவ்வளவு நேரமானாலும் பந்தி காத்திருக்கும். தயவுசெய்து ரோட்டைச் சுற்றிக்கொண்டே வாருங்கள்.