எட்ஃபு வாசலில் அக்கா

என் அக்காவை நினைக்கும்போதெல்லாம் அவள் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்திருக்கிறாள். எகிப்தில் எட்ஃபு என்று ஒரு ஊர். அங்கே இருக்கும் பழங்கோயிலின் பெரிய வாசலுக்கு எதிரே கிடந்த கல் அது. கைப்பையை மடியில் வைத்து, முழங்கால்களைச் சேர்த்து, பஸ்ஸுக்குக் காத்திருப்பவளைப் போல உட்கார்ந்திருந்தாள். காலை எட்டு மணி இருக்கும். எங்களோடு கப்பலில் வந்தவர்கள் எல்லாரும் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். முப்பது வருடம் எகிப்தைப் பாடமாக நடத்திய அக்கா வெளியே இருந்தாள். வரலாற்றில் முட்டி மோதி முப்பத்தைந்து மார்க் வாங்கிய நான் உள்ளே போனேன். இது நடந்து ஆறு வருடம் ஆகிறது. அக்கா இறந்து ஐந்து மாதம். இந்த ஐந்து மாதத்தில் நான் ஒரு தரம்கூட அழவில்லை. சோறு இறங்குகிறது, தூக்கம் வருகிறது, ஆபீசில் ஃபைல் நகர்கிறது. அழவில்லையே என்ற வருத்தமும் இல்லை. கூடப் பிறந்தவளுக்கு இப்படியா என்று என்னையே திட்டிப் பார்த்தேன். திட்டும் உறைக்கவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதிப் பார்க்கிறேன்.

எங்கள் ஊர் ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர். அப்பா அங்கே பஞ்சாலையில் வேலை பார்த்தவர், யூனியன்காரர். நாங்கள் இரண்டே பேர். அக்கா எனக்கு எட்டு வயது மூத்தவள். பள்ளியில் பிரெஞ்சை இரண்டாம் மொழியாக எடுத்து, அதையும் ஒழுங்காகப் படித்துத் தொலைத்தவள். ‘தொலைத்தவள்’ என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. அவளுக்குப் பின்னால் அதே பெஞ்சில் போய் உட்கார்ந்த எனக்கு, ‘உங்க அக்காவப் பாரு’ என்பதைத் தவிர வேறு பாடம் நடக்கவில்லை. அவள் வரலாற்று டீச்சராகி உழவர்கரையில் வாழ்க்கைப்பட்டாள். நான் முனிசிபாலிட்டியில் கிளார்க்காகி ஆற்றுக்குத் தெற்கே அரியாங்குப்பத்தில் வாழ்க்கைப்பட்டேன். அக்காவின் வீட்டுக்காரரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். ஆலையில் எலக்ட்ரீஷியனாக இருந்து, ஆலை மூடிய பிறகு ஒரு தனியார் பள்ளியில் வாட்ச்மேனாகப் போனவர். அதிகம் படிக்காதவர். ஆனால் மறுநாள் நடத்த வேண்டிய பாடத்தை அக்கா சாயங்காலம் காய் நறுக்கிக்கொண்டே சத்தமாகச் சொல்லிப் பார்ப்பாள். அவர் எதிரே உட்கார்ந்து கேட்பார். கேட்டுக் கேட்டே எகிப்து ராஜாக்களின் பெயர்களெல்லாம் அவருக்கு மனப்பாடம். நைல் நதி தெற்கிலிருந்து வடக்கே ஓடுவதை சார்ட்டில் வரைந்து கொடுத்ததும் அவர்தான். வீட்டுக்கு யார் வந்தாலும், “எங்க வீட்டம்மா ஒரு ஆத்த வச்சிருக்கா, அது தலைகீழா ஓடுது. சாவறதுக்குள்ள அதுல ஒரு வாட்டி போய்ட்டு வரணும்” என்பார். எல்லாரும் சிரிப்போம்.

அக்காவின் மகன் பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ள வீட்டில் பெண் எடுத்து பிரெஞ்சு நாட்டிலேயே தங்கிவிட்டவன். அம்மா ரிட்டையரான பிறகு, இரண்டு பேருக்குமாக அந்தப் பயணத்தை அவன் ஏற்பாடு செய்தான். லக்ஸரில் கப்பல் ஏறி, நடுவில் இரண்டு மூன்று பழங்கோயில்களைப் பார்த்து, அஸ்வானில் இறங்க வேண்டும். நான்கு நாள். மாமா அதற்கென்று தொப்பி வாங்கி வைத்திருந்தார். கிளம்ப நான்கு மாதம் இருக்கும்போது ஒரு காலை மார்க்கெட்டுக்குப் போய் வந்து, பையை இறக்கி வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அக்கா காபி கொண்டுவந்து பக்கத்தில் வைத்திருக்கிறாள். ஆறுகிறதே என்று அவள் இரண்டாம் முறை சொன்னபோதும் அவர் எடுக்கவில்லை.

மாமாவின் காரியம் முடியும்வரை அந்தப் பதினாறு நாளும் அக்கா பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழா நடத்துபவளைப் போல இருந்தாள். யாருக்குப் பாய், யாருக்குச் சாப்பாடு, எந்த பஸ்ஸில் யார் வருகிறார்கள் எல்லாம் அவள் பொறுப்பு. பத்தாம் நாள், சுற்றி உட்கார்ந்து வளையல் உடைக்கிற வேலையெல்லாம் வேண்டாம் என்று முன்பே சொல்லிவிட்டாள். அறைக்குள் போய்த் தாலியைத் தானே கழற்றி, ஒரு டப்பாவில் போட்டு மகனிடம் கொடுத்தாள். டீச்சர் சொன்னால் எதிர்த்துப் பேச எங்கள் ஜனத்தில் ஆள் கிடையாது. பெரிய மனசு, தைரியசாலி என்று எல்லாரும் புகழ்ந்தார்கள். நானும் புகழ்ந்தேன். அவள் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை என்பதை எல்லாரும் பார்த்தோம். அதையும் புகழ்ச்சியிலேயே சேர்த்துவிட்டோம்.

மகன் பயணத்தைத் தள்ளிப்போடலாம் என்றான். அக்கா முடியாது என்றாள். மாமாவுக்குப் பதில் நான் துணைக்குப் போவதென்று முடிவானது. அப்போதுதான் மாமாவின் அக்கா, எண்பது வயதை நெருங்கியவர், ஒரு சந்தேகத்தைக் கிளப்பினார். சாவு நடந்த வீட்டார் ஒரு வருடத்துக்கு மலைக்கோயிலுக்கும் கொடிமரம் வைத்த கோயிலுக்கும் போவதில்லை என்பது எங்கள் பக்கத்து வழக்கம். புருஷனைப் பறிகொடுத்தவளுக்கு அது இன்னும் கண்டிப்பு. இவள் போவதோ கோயில் கோயிலாக இறங்கிப் பார்க்கிற கப்பலில். “அந்த ஊரு கோயில்ல கொடிமரம் இருக்குதாம்மா?” என்று கேட்டார். அக்கா சிரிக்காமல் பதில் சொன்னாள். “அங்கெல்லாம் பூசையே நின்னு ஆயிரத்தைந்நூறு வருசத்துக்கு மேல ஆவுது. சாமியும் இல்ல, கொடிமரமும் இல்ல. வெறும் கல்லு.” கிழவி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, கல்லுன்னா சரி, போய்ட்டு வா என்று உத்தரவு கொடுத்தார்.

கப்பலில் எங்கள் குழுவில் பெரும்பாலும் பிரெஞ்சுக்கார முதியவர்கள். மகன் அங்கிருந்து பதிவு செய்ததால் வழிகாட்டியும் பிரெஞ்சு பேசுகிறவர். அக்காவை ‘மதாம்’ என்று அழைப்பார். அக்கா கேட்டு எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். முதல் நாள் லக்ஸரில் இரண்டு பெரிய கோயில்கள். தூணின் உயரத்தைப் பார்த்ததும் நான் பழக்கதோஷத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பக்கத்தில் இருந்த வெள்ளைக்கார அம்மாள், என்ன கடித்துவிட்டதோ என்று பயந்துபோனாள். “பூசை நின்ன கோயில்டி, சும்மா வா” என்றாள் அக்கா. இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த அதிகாரி போல ஒவ்வொன்றையும் பார்த்தாள். பாடத்தில் சொன்னது இருக்கிறதா, இருக்கிறது, அடுத்தது. வாழ்நாளெல்லாம் ஆசைப்பட்ட இடத்தில் நிற்கிறோம் என்ற சந்தோஷம் முகத்தில் இல்லை. அவர் இல்லாமல் வந்திருக்கிறோம் என்ற துக்கமும் இல்லை. எனக்கு அவளைப் பார்க்கவே பயமாக இருந்தது. இந்தப் பயணத்திலும் ஒன்றும் அசையவில்லை என்றால் இவள் இப்படியே இருந்துவிடுவாள் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை எட்ஃபு. கரையிலிருந்து குதிரை வண்டியில் கூட்டிப்போனார்கள். வழியெல்லாம் கடைகள், பள்ளிக்கூடம் போகிற பெண்கள், கழுதை வண்டியில் கரும்பு. கோயிலின் முகப்புச் சுவர் நம் ராஜகோபுரத்தை நடுவில் பிளந்து இரண்டாக நிறுத்தியதுபோல இருந்தது. வாசலின் இரண்டு பக்கமும் கல்லில் பருந்து. வழிகாட்டி எங்களை வெயில் படாத ஓரத்தில் நிறுத்தி, சுவரில் மேலிருந்து கீழ்வரை நீளமாக வெட்டப்பட்டிருந்த நான்கு பள்ளங்களைக் காட்டினார். அக்கா வழக்கம்போலத் தமிழில் ஆரம்பித்தாள். “அந்தப் பள்ளம் எதுக்குன்னா…” அதோடு நின்றுவிட்டாள். வழிகாட்டி பேசிக்கொண்டே போனார். எதுக்காம் என்று நான் கேட்டேன். இன்னொரு முறை கேட்டதும் என் பக்கம் திரும்பாமலே, “கொடிமரம் நட்ட எடமாம்” என்றாள்.

எனக்கு முதலில் ஒன்றும் தோன்றவில்லை. எல்லாரும் நடந்தார்கள், நானும் நடந்தேன். திரும்பிப் பார்த்தால் அக்கா அந்தக் கல்லில் உட்கார்ந்திருக்கிறாள். போய்க் கூப்பிட்டேன். நான் வரல, நீ பாத்துட்டு வா என்றாள். அங்கே இப்போது மரமும் இல்லை கொடியும் இல்லை, வெறும் பள்ளம்தானே என்று வாதாடினேன். முந்தின நாள் லக்ஸரில் நுழைந்தபோது இதெல்லாம் எங்கே போனது என்றும் கேட்டேன். “நேத்து தெரியாது. இன்னைக்குத் தெரிஞ்சிடுச்சி” என்றாள். கோபம் பொத்துக்கொண்டு வந்தது எனக்கு. கல்யாணத்துக்குக்கூட ராகுகாலம் பார்க்காத குடும்பம் எங்களுடையது. யூனியன்காரர் பெண்கள். வழிகாட்டி திரும்பி வந்து, மதாமுக்கு உடம்புக்கு முடியவில்லையா என்று விசாரித்தார். அக்கா பிரெஞ்சில் ஏதோ சொன்னாள். அவர் உடனே மார்பில் கை வைத்துத் தலை குனிந்தார். அவள் என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே புரிந்தது.

உள்ளே நான் பார்த்ததைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. தமிழில் சொல்ல ஆள் இல்லாததால் எல்லாம் தூணும் இருட்டுமாகவே இருந்தது. வௌவால் நாற்றம் மட்டும் நம்மூர்ப் பழங்கோயில்களைப் போலவே அடித்தது. கடைசியில் கருவறை. ஆள் உயரத்துக்கும் மேலே, பளபளவென்று தேய்த்த ஒரே கல்லில் ஒரு மாடம், அதற்குள் ஒன்றுமில்லை. திரும்பி வந்ததும் அக்கா முதலில் கேட்டது அதைத்தான். சாமி இல்லை, மாடம் மட்டும்தான் என்றேன். “சரி” என்றாள்.

அன்று மத்தியானம் கப்பல் புறப்பட்டது. மேல்தளத்தில் இரண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். கரையில் பேரீச்ச மரமும் எருமையும் பாத்திரம் தேய்க்கிற பெண்களும் மெதுவாகப் பின்னால் போனார்கள். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். அக்கா ஆற்றைப் பார்த்தபடியே பேசினாள். “அவரு போய் நாலு மாசமா ஒருத்தரும் என்கிட்ட, நீ இத செய்யக்கூடாதுன்னு சொல்லல. நானும் சொல்ல விடல. டீச்சராச்சே. சாப்டேன், தூங்குனேன், பென்ஷன் வாங்கப் போனேன். எதுவும் மாறல. அந்தப் பள்ளத்தப் பாத்ததும்தான், நான் இதுக்குள்ள போவக்கூடாதுன்னு தோணுச்சி. ஏன் போவக்கூடாது? எங்க வீட்ல சாவு. எங்க வீட்டுக்காரரு செத்துட்டாரு. அப்பதான்டி எனக்குத் தெரிஞ்சுது.”

சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள். ஓவென்று இல்லை. மூக்கை உறிஞ்சுவாள், முந்தானையால் துடைப்பாள், டீயைக் குடிப்பாள், மறுபடியும் கண்ணில் தண்ணீர் வரும். அஸ்வான் போய்ச் சேரும்வரை அப்படித்தான். இடையில் வந்த கோயில்கள் எதிலும் அவள் இறங்கவில்லை. கோம் ஓம்போவில் கரையோரமாகவே கோயில் இருந்தது, கப்பலிலிருந்தே பார்த்தாள். நான் செய்ததைச் சொன்னால் வெட்கம். தோளில் கை வைக்கத் தோன்றாமல், வெள்ளைக்காரர்கள் பார்க்கிறார்களே என்று நெளிந்துகொண்டிருந்தேன். ஊர் திரும்பிய பிறகும் மிச்சமிருந்த எட்டு மாதத்துக்கு அவள் எந்தக் கோயில் படியும் ஏறவில்லை, எந்தக் கல்யாணத்திலும் அட்சதை போடவில்லை. வருஷத் திதி அன்று சங்கராபரணிக் கரையில் பிண்டம் கரைத்துவிட்டு வந்தபோது முகம் தெளிந்திருந்தது. அதன் பிறகு எங்கள் பழைய அக்காவாகவே, என் புடவைக் கட்டைக்கூடக் குறை சொல்லிக்கொண்டு, நன்றாகத்தான் இருந்தாள்.

ஐந்து மாதத்துக்கு முன் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஒன்பதாம் நாள் உடலாகத் திரும்பி வந்தாள். எனக்கு மூன்று நாள்தான் தீட்டு. கட்டிக்கொடுத்த பெண், வேறு வீட்டுக்காரி. மூன்றாம் நாள் தலைக்குக் குளித்ததும் கழிந்துவிட்டது. பதினாறாம் நாள் மாமாவின் அக்கா என்னை அருகில் கூப்பிட்டு, அன்பாகத்தான் சொன்னார். “வருசத் துக்கமெல்லாம் அவ புள்ளைக்குத்தாம்மா. உனக்கு ஒண்ணும் கெடையாது. நீ கோயில் கொளம்னு தாராளமா போலாம்.” எனக்கு ஒண்ணும் கிடையாது. அந்த வார்த்தையோடு பஸ் ஏறி அரியாங்குப்பம் வந்து, இட்லிக்கு மாவு அரைத்தேன்.

போன வெள்ளிக்கிழமை காலை வீட்டுக்காரரோடு எங்கள் தெருமுனைப் பிள்ளையார் கோயிலுக்குப் போனேன். அர்ச்சனைத் தட்டோடு குருக்கள் வந்து பேர் நட்சத்திரம் கேட்டார். வீட்டுக்காரர் பேரைச் சொன்னேன், மகள் பேரைச் சொன்னேன். பிறகு அதே மூச்சில் அக்காவின் பேரையும் உத்திரட்டாதி நட்சத்திரத்தையும் சொல்லிவிட்டேன். அவளுக்கும் சேர்த்துச் சொல்வது பல வருடத்துப் பழக்கம். டீச்சர் என்று குருக்களுக்கும் அவளைத் தெரியும், போனது மட்டும் தெரியாது. வாய் அதன் பாட்டுக்குப் போய்விட்டது. செத்தவர்கள் பேருக்கு அர்ச்சனை செய்யக்கூடாது. வீட்டுக்காரர் என் முழங்கையைத் தொட்டார். சொல்லிவிடு என்பதுபோலப் பார்த்தார். குருக்கள் அதற்குள் உள்ளே திரும்பி அக்காவுக்கு நீண்ட ஆயுளும் ஆரோக்கியமும் கேட்கத் தொடங்கிவிட்டார். நான் தடுக்கவில்லை. முழுவதும் கேட்கட்டும் என்று நின்றேன். தீபாராதனை முடிந்ததும் விபூதியும் ஒரு துண்டு மல்லிகையும் தனியாக மடித்து என் கையில் வைத்து, “இது டீச்சருக்கு. மறக்காம குடுத்துடுங்கோ” என்றார்.

“குடுத்துடறேன் சாமி” என்று வாங்கிக்கொண்டேன். பூ வாடுவதற்குள் கொடுத்துவிட வேண்டும், இந்நேரத்துக்கு உழவர்கரைக்கு எந்த பஸ் கிடைக்கும் என்று யோசித்துக்கொண்டே இரண்டு அடி நடந்தேன். மூன்றாவது அடி வைக்க முடியாமல் அழுகை வந்தது.