கண்ணை மூடிக்கொண்டு நரி பார்க்கப் போனது

ஆப்பிரிக்காவில் வௌவால் காது நரி என்று ஒன்று இருக்கிறது. உடம்புக்கும் காதுக்கும் சம்பந்தமே இல்லை. புல்வெளியில் தலையைக் குனிந்துகொண்டு, மண்ணுக்கடியில் வண்டின் புழு நெளிவதை அந்தக் காதால் கேட்டுத் தோண்டித் தின்கிறது. அதன் முக்கிய உணவு கறையான். மற்ற நரிகளைவிட இதற்குப் பல் அதிகம். எல்லாம் பூச்சி அரைப்பதற்கான சின்னப் பல். குட்டி போட்டால் தாய் இரை தேடப் போகிறது, வளையில் காவலுக்கு இருப்பது தகப்பன். பணி ஓய்வுக்குப் பிறகு தொலைக்காட்சியில் இதைத் தெரிந்துகொண்டேன். தாலுகா அலுவலகத்தில் நான் இருந்த காலம் முழுக்க எந்த விஷயத்தையும் யாரும் இவ்வளவு தெளிவாக விளக்கியதில்லை.

இந்த அறிவுக்குச் சென்ற பங்குனியில் ஒரு வேலை வந்தது. கம்பத்துக்கு வெளியே என் மனைவியின் அண்ணனுக்குத் திராட்சைத் தோட்டம். அதன் மேற்கு ஓரம் தரிசு, நடுவில் ஒரு மண்மேடு. மேட்டைத் தள்ளிச் சமப்படுத்தி இன்னும் சில வரிசை பந்தல் போட, வியாழக்கிழமைக்கு ஜேசிபி சொல்லியிருந்தார். செவ்வாயன்று நானும் மனைவியும் அங்கே தங்கப் போனோம். சாயங்காலம் நடந்து வரும்போது மேட்டில் ஒரு வளையையும், அதன் வாயில் எட்டிப்பார்த்த குட்டிகளையும் கண்டேன். நம் ஊர்க் குள்ளநரி.

"மச்சான், உள்ள குட்டி இருக்கு. கொஞ்ச நாள் பொறுத்தா அதுகளாப் போயிரும்" என்றேன்.

"சொட்டுநீர்க் குழாயக் கடிச்சு வைக்கிறது யாரு மாப்ள? இந்த நரிதான்."

அது சட்டப்படி பாதுகாக்கப்பட்ட விலங்கு. வனத்துறைக்கு மனு கொடுக்கலாம். மனு எங்கே போய், யார் மேஜையில் படுத்து, எந்தக் குறிப்போடு திரும்பி வரும் என்பது எனக்குத் தெரியும். இடத்தைப் பார்வையிட ஆள் வருவதற்குள் குட்டிகள் பேரன் பேத்தி எடுத்திருக்கும். அதனால் மனுவை விட்டுவிட்டு, கைப்பேசியில் ஆப்பிரிக்க நரியைக் காட்டினேன்.

"இது என்ன காதா, மொறமா?" என்றார். நான் கறையான் கதையைச் சொன்னேன். நம் நரியும் பூச்சி தின்று தோட்டத்துக்கு நல்லதுதான் செய்கிறது என்றேன். "அத ஆப்பிரிக்காக்காரன்கிட்டப் போயிச் சொல்லுங்க மாப்ள. இங்கன நான் பந்தல் போடணும்."

சான்று வேண்டுமே என்று மேட்டருகே கிடந்த நரி எச்சத்தைக் குச்சியால் கிளறிக் காட்டினேன். வண்டு ஓடு நிறைய இருந்தது. கூடவே திராட்சை விதையும் இருந்தது. விதையை நான் சுட்டிக்காட்டவில்லை, அவரே பார்த்துக்கொண்டார்.

காபி கொண்டுவந்த அவர் மனைவிதான் எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு அப்படியே நின்றார். "நம்ம தோட்டத்துலயா நரி? நரி மொகத்துல முழிக்க மாட்டமான்னு ஊரே ஏங்கிக் கெடக்கு. தேடி வந்தத மிசினு வச்சுத் தள்ளப் போறீகளாக்கும்? நாளைக்குக் கேரளா ஏவாரி வாராக. காலையில அது மொகத்துல முழிச்சிட்டு அப்பறம் வெல பேசுங்க."

மைத்துனர் சிரித்தார். ஆனால் மறுக்கவில்லை. என் விளக்கங்கள் எதற்கும் அவர் அந்த அளவுக்கு இடம் கொடுக்கவில்லை.

முழிப்பது என்றால் எழுந்ததும் முதலில் பார்ப்பது நரியின் முகமாக இருக்க வேண்டும். இதில் விதிவிலக்குக் கிடையாது. மறுநாள் விடிந்ததும் அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு கட்டிலைவிட்டு இறங்கினார். அவர் மனைவி கையைப் பிடித்துப் பந்தலுக்குள் நடத்திப் போக, நான் பின்னால் போனேன்.

"ஆத்தாடி! கல்லுத்தூணுடி!"

"நீங்க நட்டதுதான? குனிஞ்சு வாங்க."

மேட்டுக்குக் கொஞ்ச தூரத்தில் அவரை நிறுத்தினார்.

"தொறக்கவா?"

"இருங்க. பொட்ட நரி கெளம்புது, வாலுதான் தெரியுது. வாலுல முழிச்சு என்ன பண்ண?"

தாய் நரி வேலிக்கு அப்பால் போனது. ஆண் நரி மேட்டின் மேல் ஏறி உட்கார்ந்து எங்களைப் பார்த்தது. ஆப்பிரிக்கக் காது இல்லை என்றாலும் இருந்த காதை எங்கள் பக்கம் திருப்பியது.

"இப்பத் தொறங்க."

திறந்தார். குட்டிகள் வெளியே வந்து தகப்பன் முதுகில் ஏறிச் சறுக்கின. ஒன்று அதன் வால் நுனியின் கறுப்பைக் கவ்வி இழுத்தது. தகப்பன் அசையாமல் உட்கார்ந்திருந்தது. ஒரு பார்வை போதும் என்று வந்தவர், வெயில் ஏறும்வரை நின்றார்.

"ஆத்தாக்காரி எங்க போனா?" என்று என்னிடம் கேட்டார்.

"எரை தேடத்தான்."

"அப்ப அது வர்ற வரைக்கும் இவனா பிள்ளையப் பாத்துக்குவான்?"

"ஆமா மச்சான். ஆப்பிரிக்காவுலயும் இப்படித்தான்."

"கேட்டுக்கங்க அண்ணே" என்றார் அவர் மனைவி என்னிடம். "நாலு பிள்ள பெத்தேன். ஒருநாத் தூக்கி வச்சிருப்பாகளா?"

மைத்துனர் குட்டிகளை எண்ண ஆரம்பித்தார்.

வியாபாரி வந்தார். அடுத்த தோட்டத்துக்குச் சொன்ன விலையையே இங்கேயும் சொன்னார். நரிக்கு அதில் பங்கு இருந்ததாகத் தெரியவில்லை. மைத்துனரும் அதைப் பற்றிப் பேசவில்லை. வியாபாரி போனதும் கைப்பேசியை எடுத்து ஜேசிபிக்காரரை அழைத்தார்.

"தம்பி, நாளைக்கு வேணாம்யா. சித்திர கழிச்சு வா... மழையெல்லாம் இல்ல... பச்சப்பிள்ளைக இருக்குய்யா... யாரு வீட்லயா? நம்ம தோட்டத்துலதான்."

சித்திரை முடிந்து ஜேசிபி வந்தபோது வளை காலி. மேட்டைத் தள்ள அவர் கை காட்டினார். அதற்கு முந்திய காலைகளில் அவரே போய், வளைவாயில் புதுக் காலடி இருக்கிறதா என்று குனிந்து பார்த்து வந்ததாக அவர் மனைவி சொன்னார்.