சுபாஜினியின் வீட்டு வேன்

"கைய உள்ள போடுங்க, தலைய உள்ள போடுங்க" என்று கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் சுபாஜினி வண்டியை எடுக்கிறார். பின்னால் இருப்பது கொழும்பிலிருந்து வந்த வங்கி அதிகாரியாகவும் இருக்கலாம், புதுமணத் தம்பதியாகவும் இருக்கலாம். சொல் மாறாது. பல வருடம் பள்ளிக்கூட வேன் ஓட்டிய வாய்.

ஹாலிஎலயில் பிள்ளைகளை ஏற்றி இறக்கிய அதே வேன்தான் இது. கொரோனாக் காலத்தில் பள்ளிக்கூடங்கள் மூடிக்கிடந்தபோது, தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரம் பழுது பார்க்கும் கணவர் ஜெயகுமாரும் இவரும் சேர்ந்து இருக்கைகளைக் கழற்றினார்கள். மடக்குக் கட்டில்கள், கேஸ் அடுப்பு, கூரையில் தண்ணீர்த் தொட்டி, பின்கதவில் குளிக்க ஒரு ரப்பர் குழாய் எல்லாம் வந்தன. இரண்டு தரம் பெயின்ட் அடித்தும் பக்கவாட்டில் 'பாடசாலைச் சேவை' மங்கலாகத் தெரிகிறது. "தெரியட்டுமே. பொலிஸ்காரங்க மறிக்கிறதுக்கு ஒருக்கா யோசிப்பாங்க" என்கிறார்.

துன்ஹிந்த அருவியில் தொடங்கி எல்ல, ஹப்புத்தளை, ஹல்துமுல்லை வழியாகக் கொஸ்லந்தயில் தியலும அருவிவரை ஆட்களைக் கொண்டுபோவார். அவர் மட்டும் எந்தத் தண்ணீரிலும் இறங்குவதில்லை. அருவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வெங்காயம் உரிப்பார். "எனக்கு இந்தச் சத்தம் ஆகாதுங்க. ஆள் கூப்புட்டாக் கேக்காது." படுப்பது முன் சீட்டுகளில் குறுக்காக. காலுறை போட்ட பாதங்கள் இரண்டும் ஜன்னலுக்கு வெளியே நிற்கும். வீட்டில்கூட இப்படித் தூக்கம் வருவதில்லையாம்.

அவருக்குப் பிடித்த இடம் ஹல்துமுல்லைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் ஓரத்தில் இருக்கும் புல்வெளி. அங்கே மலை சட்டென்று முடிந்துவிடுகிறது. கீழே தென்திசைச் சமவெளி முழுவதும் விரிந்து கிடக்கும். வருகிறவர்கள் படம் எடுத்துப் போட்டு, அந்தப் படத்தைப் பார்த்தே அடுத்தவர்கள் கூப்பிடுவார்கள். போன வருடம் ஆவணி மாத வறட்சியில் அந்த இடத்தை அவர் இழந்தார்.

அன்று வந்தவர்கள் பர்ஹானும் அவர் மனைவி ஸிஹாமாவும். பர்ஹானுக்குக் கண்டியில் துணிக்கடை. "புல்லு பொரிஞ்சு போய்க் கெடக்கு நானா, வெளிய நெருப்பு வேணாம். கோழிய உள்ள அடுப்புலயே பொரிச்சுத் தாறேன்" என்று சொல்லிவிட்டுச் சுபாஜினி குடிதண்ணீர் பிடிக்கப் பீலிக்குப் போனார். குடத்தோடு திரும்பியபோது, பர்ஹான் கொண்டுவந்து வெளியே மூட்டியிருந்த கரி அடுப்பு கவிழ்ந்து கிடந்தது. காற்று நெருப்பை மானாப்புல்லில் ஏற்றிவிட்டிருந்தது. அது கீழே தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துப் பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தது.

பர்ஹான் வேனுக்குள் தாவி ஏறினார். "அக்கா, ஏறுங்க, போயிருவோம். பொலிஸ் கிலிஸ் வந்தாப் பெரிய கரச்சலாப் போகும்."

சுபாஜினி ஏறினார். ஏறி, ஹாரனை அழுத்தியபடி கையை எடுக்காமல் இருந்தார். லயத்திலிருந்து ஆட்கள் வெளியே வந்து மேலே பார்க்கும்வரை அது அலறியது. பிறகு சாவியை உருவிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, குளியல் குழாயை இழுத்துக்கொண்டு ஓடினார்.

தொட்டித் தண்ணீர் கொஞ்ச நேரத்தில் தீர்ந்துபோனது. லயத்து ஆட்கள் பச்சைக் கிளைகளை முறித்துவந்து அடித்தார்கள். ஸிஹாமா கட்டில் போர்வையை நனைத்து அவர்களோடு நின்று அடித்தார். லயம் தப்பியது. லயத்துக்கு மேலே மாடசாமி என்ற ஓய்வுபெற்ற தொழிலாளி போட்டிருந்த போஞ்சித் தோட்டமும் ஆட்டுக் கொட்டிலும் தப்பவில்லை. ஆடுகளை மட்டும் மருமகள் அவிழ்த்துவிட்டிருந்தார்.

"யாரு வச்சது?" என்று மாடசாமி கேட்டார்.

பர்ஹான் வேனுக்குள் இருந்தார். சுபாஜினிதான் பதில் சொன்னார். "எங்க ஆளுதான் மாமா. நான் தண்ணிக்குப் போயிருந்தேன்."

"ஒங்க ஆளுக்கு வாய் இல்லையா?"

"இனி இந்தப் பக்கம் வண்டி ஏறப்படாது" என்றார் மாடசாமி. மறுநாள் பாதைக்குக் குறுக்கே ஒரு பெரிய மரத்துண்டு கிடந்தது. பர்ஹான் கடைசிவரை இறங்காமலே ஊர் போய்ச் சேர்ந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் சுபாஜினியும் ஜெயகுமாரும் பஸ்ஸில் போய்க் கொட்டிலைக் கட்டிக் கொடுத்தார்கள். மாடசாமி தேத்தண்ணி கொடுத்தார். மரத்துண்டைப் பற்றி இரு பக்கமும் பேசவில்லை.

புல்வெளி இல்லை என்றதும் பயணங்கள் குறைந்தன. பக்கத்துத் தோட்டத்து வழியாக ஏறலாம் என்று சிலர் யோசனை சொன்னார்கள். "ஏறலாம். கீழ நிக்கிற ஆளு மொகத்த எப்பிடிப் பாக்குறது?" என்று அதை விட்டுவிட்டார்.

இந்த வருடம் பர்ஹான் மறுபடி கூப்பிட்டார். அதே இடத்துக்குப் போக வேண்டுமாம். ஸிஹாமா ஒரு வருடமாக அதையே சொல்லிக்கொண்டிருக்கிறாராம். சுபாஜினி மறுக்கவில்லை. அந்தப் பயணத்தில், இவரைப் பற்றி எழுத வந்த நானும் முன் சீட்டில் இருந்தேன். மரத்துண்டுக்கு முன்னால் வேனை நிறுத்தினார். காலை வெயில் லயத்துத் தகரங்களில் விழுந்திருந்தது.

"நீங்க போய்க் கேளுங்களே அக்கா. நீங்க சொன்னா உட்ருவாங்க" என்றார் பர்ஹான்.

சுபாஜினி எஞ்சினை அணைத்தார்.

ஸிஹாமா கணவரைப் பார்த்தார். பர்ஹான் கதவைத் திறந்து இறங்கி மேலே நடந்தார். பாதி வழியில் நின்று வேனைத் திரும்பிப் பார்த்தார். சுபாஜினி முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார்.

கொட்டிலருகில் மாடசாமி நின்றார். பர்ஹான் பேசியது எங்களுக்குக் கேட்கவில்லை. பேசி முடிய நேரம் எடுத்தது. நடுவில் ஒருமுறை கண்ணைத் துடைத்தார், அல்லது வியர்வையாக இருக்கலாம். மாடசாமி தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு இரண்டு பேரும் ஒன்றாக இறங்கிவந்தார்கள். மரத்துண்டின் ஒரு முனையை மாடசாமி பிடித்தார், மறுமுனையைப் பர்ஹான் பிடித்தார். ஓரத்துக்கு உருட்டிவிட்டார்கள்.

சுபாஜினி வண்டியை ஸ்டார்ட் பண்ணி, மாடசாமிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். என் பக்கம் திரும்பி, "நீங்க பின்னுக்குப் போங்க" என்றார். நான் இறங்கியதும் சீட்டில் கிடந்த தூசியைத் துண்டால் ஒருமுறை தட்டிவிட்டு, எட்டி அந்தக் கதவை அகலத் திறந்து பிடித்தார்.

"ஏறுங்க மாமா."