தாடை எலும்பின் ஐந்தாவது வேலை

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த பிறகு வந்த முதல் மாசி மாதம். சேந்தமங்கலத்திலிருந்து கொல்லிமலைக்கு அம்மை குத்தப் போன கூட்டத்தில் நானும் ஒருத்தி. டாக்டர் படிப்பை முடித்து வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. மலைப் பெண்கள் ஆண்களிடம் கையை நீட்டக் கூச்சப்படுகிறார்கள் என்று என்னையும் சேர்த்து அனுப்பியிருந்தார்கள்.

எனக்கு எதையும் வரிசை எண் போட்டு எழுதி வைக்கிற பழக்கம் உண்டு. பட்டணத்தில் படித்த காலத்தில், மனித உடம்பின் இருநூற்றாறு எலும்புகளையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தேன். இடது பக்கம் எலும்பின் பெயர், வலது பக்கம் அது செய்யும் வேலை. மண்டை ஓடு மூளையைக் காக்கிறது. விலா எலும்புகள் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் கூண்டாக இருக்கின்றன. தொடை எலும்பு உடம்பின் பாரத்தைத் தாங்குகிறது. இப்படிப் பக்கம் பக்கமாகப் போகும். பரீட்சைக்குப் போகும்போது அந்த நோட்டு மனப்பாடம்.

பரீட்சையில் என் கையில் கீழ்த்தாடை எலும்பைக் கொடுத்து அதன் வேலைகளைக் கேட்டார்கள். பற்களைத் தாங்குவது, மெல்லுவது, நாக்கின் தசைகளுக்குப் பிடிமானம் கொடுப்பது, முகத்துக்கு வடிவம் கொடுப்பது என்று நான்கு விரல்களை மடக்கினேன்.

"ஐந்தாவது?" என்றார் பரீட்சை நடத்திய அம்மையார்.

நான் எலும்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"இவ்வளவு நேரம் எதை அசைத்து எனக்குப் பதில் சொன்னாய்?" என்று கேட்டுவிட்டு அடுத்த எலும்பை நீட்டினார்.

பட்டியலில் பேச்சை விட்டுவிட்டேன். அன்றைக்கு நான் இழந்தது அந்த ஒரு மார்க்தான். விடுதிக்குத் திரும்பியதும் நோட்டின் ஓரத்தில், இடம் போதாமல் பொடி எழுத்தில், "5. பேசுவது" என்று எழுதி வைத்தேன். அதோடு மறந்தும் போனேன்.

அடிவாரத்தில் வண்டியை விட்டு இறங்கி நடக்க ஆரம்பித்தோம். எங்கள் கூட்டத்துக்குத் தலைவர் சேந்தமங்கலத்து ராவுத்தர் ஒருவர். பதினைந்து வருஷமாக அம்மை குத்தும் பெட்டியோடு இந்த மலையை ஏறி இறங்குகிறவர். முதல் ஒரு மணி நேரம் என் முழங்கால் சில்லும் குதிகால் எலும்பும் என்னென்ன வேலை செய்கின்றன என்று நோட்டைப் பார்க்காமலே தெரிந்தது. எதிரே வாழைப்பழக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு பெண்கள் இறங்கி வந்தார்கள். அத்தனை கனத்தையும் கழுத்தின் ஏழு சின்ன எலும்புகள் தாங்க, எங்களைப் பார்த்துச் சிரிக்கவும் அவர்களால் முடிந்தது.

மலையின் ஒரு பகுதியான குண்டூர் நாட்டில் நாங்கள் போய்ச் சேர்ந்த சிற்றூரில் வீடுகள் திறந்தபடி கிடந்தன. ஓர் ஆளைக் காணோம்.

"கோயில்ல சத்தியம் நடக்குது போலங்க அம்மணி," என்றார் ராவுத்தர். "இல்லாட்டி இந்தப் பெட்டியப் பாத்ததும் பாதிப் புள்ளைங்க மரத்து மேல இருக்குமே."

அவர் சொன்னது சரிதான். ஊருக்கு வெளியே மரத்தடிக் கோயிலில் நூறு பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். ஓரத்தில் நின்ற ஒரு பெண் எனக்கு விஷயத்தைச் சொன்னாள்.

சத்தியம் செய்ய வந்தவளுக்கு என் வயதுதான் இருக்கும். ஐப்பசியில் காய்ச்சலில் புருஷன் இறந்துவிட்டான். ஓடையோரத்து வயலை அவளும் மகளும் வைத்துப் பிழைக்க வேண்டும் என்று சாகும்போது அவன் சொன்னானாம். கேட்டது அவள் ஒருத்திதான். அப்படிச் சொல்லியிருக்க மாட்டான், வயல் எனக்குத்தான் என்கிறான் கொழுந்தன். எழுத்து எதுவும் இல்லை. இம்மாதிரி வழக்கில் அந்த ஊரில் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். குளித்து ஈரச் சேலையோடு சாமி முன் நிற்க வேண்டும். பூசாரி சாமைச் சோற்றில் மஞ்சள் கலந்து உருண்டை பிடித்து வாயில் வைப்பார். உருண்டை பல்லில் படக் கூடாது. அதை விழுங்கிவிட்டு, சொல்ல வேண்டியதை ஒரே தடவை சொல்ல வேண்டும். பொய் சொல்ல வந்தவர் வாயைச் சாமி கட்டிவிடும். சொல்லிவிட்டால் வயல் அவளுக்கு. சொல்ல முடியாவிட்டால் கொழுந்தனுக்கு. அவள் மகளைக் கூட்டிக்கொண்டு பிறந்த ஊருக்குப் போய்விட வேண்டும்.

அந்தப் பெண் இதைச் சொல்லி முடிப்பதற்குள் பூசாரி உருண்டையை எடுத்துவிட்டார். நல்ல பெரிய உருண்டை. பல்லில் பட்டுவிடுமோ என்ற பயத்தில் அவள் எவ்வளவு திறக்க முடியுமோ அவ்வளவு வாயைத் திறந்தாள். உருண்டை உள்ளே போனது. வாய் மூடவில்லை.

சோறு அப்படியே வழிந்து மார்பில் விழுந்தது. அவள் இரண்டு கைகளாலும் முகத்தைப் பிடித்துக்கொண்டாள். "ஆ... ஆ..." என்ற சத்தம் மட்டும் வந்தது. எச்சில் ஒழுகியது. கூட்டத்தில் யாரோ மெதுவாக, "கட்டிருச்சு சாமி" என்றார்கள்.

எனக்கு நோட்டின் அந்தப் பக்கம் கண்முன் வந்தது. மண்டை எலும்புகளில் கண்ணுக்குத் தெரிய அசைவது கீழ்த்தாடை ஒன்றுதான். காதுக்கு முன்னால் ஒரு குழியில் அதன் இரண்டு முனைகளும் உட்கார்ந்திருக்கும். வாயை அளவுக்கு மீறித் திறந்தால் முனைகள் மேட்டைத் தாண்டி முன்னால் போய் மாட்டிக்கொள்ளும். பிறகு தானாகத் திரும்பாது. அவள் மோவாய் முன்னுக்குத் தள்ளியிருந்ததைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

நான் முன்னால் நடந்தேன். ராவுத்தர் பின்னாலேயே வந்தார்.

"அம்மணி, இது நம்ம வேலை இல்லீங்க. தப்பாப் போச்சுன்னா நாளைக்கு ஒருத்தரும் கைய நீட்ட மாட்டாங்க."

அவர் கவலை நியாயமானது. ஆனால் கால் நிற்கவில்லை.

அந்த நாட்டுக்குத் தலைவரைப் பட்டக்காரர் என்பார்கள். பாறையில் உட்கார்ந்திருந்தார். அவரிடம் போய், இது எலும்பு இடம் மாறியதால் வந்தது, என்னால் சரி செய்ய முடியும் என்றேன்.

"ஏனுங்க டாக்டரம்மா," என்றார் அவர் அமைதியாக. "சாமி கட்டுன வாயி இது. நீங்க எப்படிங்க அவுக்கறது?"

விளக்கம் சொல்லிப் பயனில்லை என்று தோன்றியது. "ரெண்டு காதுக்கும் முன்னாடி விரலை வச்சுக்கிட்டு வாயைத் திறந்து மூடுங்க," என்றேன்.

கொஞ்சம் யோசித்துவிட்டுச் செய்தார். முகம் மாறியது. மறுபடி திறந்தார், மூடினார்.

"உள்ள ஏதோ உருளுதுங்களே."

"அதுதான் எலும்பு. இப்ப இவங்க காதுக்கு முன்னாடி தொட்டுப் பாருங்க."

அவர் எழுந்து போய்த் தொட்டுப் பார்த்தார். உருள வேண்டிய இடத்தில் பள்ளம் இருந்தது. திரும்பிப் பார்த்தால், கூட்டம் முழுவதும் காதுக்கு முன்னால் விரலை வைத்துக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்கிறது. பூசாரியும் செய்தார். வழக்குப் போட்ட கொழுந்தனும் செய்தான்.

"இவன் வாயி சும்மாவே மூடாது, இதுல சோதனை வேறயா," என்று ஒரு பெண் அவனைச் சொல்ல, அந்த நேரத்திலும் நாலு பேர் சிரித்தார்கள்.

பட்டக்காரர் திரும்பி வந்து உட்கார்ந்தார். "சரிங்க. எலும்புன்னா உங்க கையில மூடோணும். மூடலைன்னா சாமி கட்டுனதுதான். வயல் அவனுக்கு. ஒத்துக்கறீங்களா?"

இப்படி ஒரு நிபந்தனை வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. தாடையை ஏற்றி வைப்பதை ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். என் கையால் செய்ததில்லை. அவளைப் பார்த்தேன். வாய் திறந்தபடியே தலையை ஆட்டினாள். ஒத்துக்கொண்டேன்.

அவளை ஒரு கல்லில் உட்கார வைத்தேன். பெட்டியிலிருந்த துணியை இரண்டு கட்டை விரல்களிலும் சுற்றி, கீழ்க் கடைவாய்ப் பற்களின் மேல் வைத்து அழுத்தினேன். அசையவில்லை. இன்னும் அழுத்தினேன். அவள் கண்ணில் நீர் வழிந்தது. என் கை சோர்ந்ததும் விரல்களை எடுத்துவிட்டேன்.

"விடுங்க, பாவம், எதுக்கு வதைக்கறீங்க?" என்றான் கொழுந்தன். அவன் குரலில் கேலி இல்லை. அதுதான் எனக்கு அதிகமாகச் சுட்டது.

கையைத் துடைத்துக்கொண்டே நோட்டை மனதுக்குள் புரட்டினேன். தாடையை ஏற்றும் முறை, ஆறு படிகள். இரண்டு: துணி சுற்றுவது. மூன்று: விரல் வைக்கும் இடம். நான்கு: கீழே அழுத்துவது. ஐந்து: மோவாயை மேலே தூக்கிக்கொண்டே பின்னால் தள்ளுவது. ஆறு: கட்டுப் போடுவது. ஒன்று? நோயாளி தாழ்வாக உட்கார வேண்டும், தலைக்குப் பின்னால் அசையாத பிடிப்பு வேண்டும். நான் குள்ளம், அவளைக் கல்லின் மேல் உட்கார வைத்துவிட்டு என் கை பலத்தில் அழுத்தியிருக்கிறேன். என் உடம்பின் பாரம் அவள் தாடைக்குப் போய்ச் சேரவே இல்லை. அவசரத்தில் முதல் படியையே விட்டிருந்தேன்.

அவளைத் தரையில் உட்கார வைத்து, தலையை மரத்தில் சாய்த்தேன். ராவுத்தர் சொல்லாமலே வந்து தலையை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டார்.

"கண்ணு, நீ ஒன்னும் பண்ண வேண்டாம்," என்றேன். "மூடணும்னு முயற்சி பண்ணாதே. கையை மடியில போடு. தோளை விடு. ஓடையோரத்துல இப்ப என்ன போட்டிருக்கே, நெல்லா? அந்த வயலை நினைச்சுக்க."

அவள் தோள் மெல்ல இறங்கியது. மேலிருந்து என் முழுப் பாரத்தையும் கட்டை விரல்களில் இறக்கினேன். கீழே, பிறகு பின்னால். ஏதோ நழுவியது. "டக்" என்று ஒரு சத்தம் முன்வரிசைக்குக் கேட்டது. பற்கள் என் விரலின் மேல் மூடின. துணி சுற்றியும் நன்றாகவே கடிபட்டது. அந்தத் தடம் இன்னும் வலது கட்டை விரலில் இருக்கிறது. நான் வாங்கிய மெடல் என்று தோழிகளிடம் காட்டுவேன்.

அவள் வாயை மூடினாள். ஒரு கணம் கழித்து உதட்டைத் துடைத்துக்கொண்டாள்.

நான் மோவாயிலிருந்து உச்சந்தலைக்குத் துணிக் கட்டுப் போட்டேன். இரண்டு வாரத்துக்கு வாயை ஒரு விரல் அகலத்துக்கு மேல் திறக்கக் கூடாது, கூழும் கஞ்சியும்தான் என்றேன்.

"அப்பச் சத்தியம் பாதியில நிக்குதுங்களே," என்றான் கொழுந்தன். முறைப்படி அதுவும் சரிதான். பட்டக்காரர் பூசாரியைப் பார்த்தார்.

பூசாரி சோற்றுச் சட்டியை அருகே இழுத்தார். "பல்லுல படாம உள்ள போவோணும். அதுதானுங்க மொறை. எம்புட்டுப் பெருசுன்னு மொறை ஏதுமில்லீங்க. எங்கப்பன் பெருசாப் புடிச்சாரு, நானும் புடிச்சேன்."

சட்டியிலிருந்து ஒரே ஒரு சோற்றுப் பருக்கையை எடுத்தார். வெந்த சாமைப் பருக்கை கடுகைவிடக் கொஞ்சம்தான் பெரிது. நான் கட்டைக் கொஞ்சம் தளர்த்தினேன். மறுபடி நழுவிவிடக் கூடாதே என்று அவள் மோவாய்க்குக் கீழே என் உள்ளங்கையைக் கொடுத்துத் தாங்கினேன். பருக்கை பல்லில் படாமல் நாக்கில் இறங்கியது. விழுங்கினாள்.

"ஓடையோரத்து வயலு எனக்கும் எம்புள்ளைக்கும்னு எம்புருசன் சொன்னது நெசமுங்க."

கூட்டத்தின் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி, ஆனால் வாயை ஒரு விரலுக்கு மேல் திறக்காமல் சொன்னாள். அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லுக்கும் அந்த எலும்பு என் உள்ளங்கையில் அசைந்தது. பரீட்சையில் வெறும் எலும்பாக அதை எத்தனையோ தடவை பிடித்திருக்கிறேன். அது இப்படி அசையும் என்று கைக்குத் தெரிந்தது அன்றுதான்.

"வயல் அவளுக்கு," என்று பட்டக்காரர் எழுந்தார்.

மறுநாள் அம்மை குத்த வரிசை கோயில் வரை நீண்டது. மரத்தின் மேல் ஒரு பிள்ளையும் இல்லை. கொழுந்தனும் வந்து சட்டையைச் சுருட்டிக் கையை நீட்டினான். "இதுக்குள்ள எத்தன எலும்புங்க?" என்று கேட்டான். தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் ஒன்றே ஒன்று, மண்வெட்டியைத் தூக்குவதும் பிள்ளையைத் தூக்குவதும் அதை வைத்துத்தான் என்றேன். ராவுத்தர் பெட்டியை மூடும்போது, "பதினஞ்சு வருசத்துல இப்படி வரிசையப் பாத்ததில்லீங்க அம்மணி," என்றார். மலை இறங்கும் வழியெல்லாம் எனக்குக் கால் வலிக்கவே இல்லை.

அவள் சொன்னது மெய்தானா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அதைத் தீர்மானிப்பது என் வேலையும் இல்லை. சொல்ல வந்ததை அவளால் சொல்லி முடிக்க முடிந்தது. அதில் என் கையும் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் நோட்டை எடுத்தேன். தாடை எலும்பின் பக்கத்தை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். ஓரத்தில் பொடி எழுத்தில் கிடந்த பேச்சு இப்போது முதல் எண்ணில் இருக்கிறது; என்னிடம் வரும் பெண் யாராக இருந்தாலும், நாடி பிடித்துப் பார்ப்பதற்கு முன்னால் அவள் பேசி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருக்க அந்த ஒரு வரி எனக்குப் போதுமானதாக இருக்கிறது.