அப்பா ஏறாத மூன்றாம் படி

அப்பா கொத்தனார் வேலை படிக்கிறார் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்தது நான்தான். எனக்கு அப்போது ஒன்பது வயது. அப்பா பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். சுவரில் ஆணி அடிக்கக்கூட ஆள் கூப்பிடுகிறவர். ஆனால் அம்மா கைப்பேசியில் அத்தையிடம், "மேசனாம். சேந்துட்டாவளாம்" என்று அழாத குறையாகச் சொன்னதை நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருந்தேன். எங்கள் பக்கத்தில் மேசன் என்றால் கையில் கரண்டியும் ரசமட்டமும் வைத்திருக்கிற ஆள்தானே?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டு அண்ணாச்சி வந்து நின்றார்.

"சார், நம்ம காம்பவுண்டுச் சொவரு மழையில சரிஞ்சு கெடக்கு. நீங்க கொத்தவேல படிக்கியன்னு பாப்பா சொல்லுச்சு. கைப்பழக்கத்துக்கு ஆச்சு, ரெண்டு வரிசை கட்டிப் பாருங்களேன்."

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

அன்றைக்கு அப்பா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, சொல்லக்கூடியதை மட்டும் சொன்னார். ஃப்ரீமேசன் என்பது ஒரு சங்கம். எந்தச் சாமியைக் கும்பிடுகிறவரும் சேரலாம், கடவுள் ஒருவர் உண்டு என்று நம்பினால் போதும். பழைய காலத்தில் கல்தச்சர்கள் வைத்திருந்த அமைப்பு என்று சொல்லிக்கொள்வார்களாம். இப்போது அங்கே யாரும் கல்லைத் தொடுவதில்லை. மூலைமட்டம், கவராயம், உளி எல்லாம் வெறும் அடையாளங்கள். மலையில் வெட்டியெடுத்த கரடுமுரடான கல் ஒன்று, செதுக்கி வழவழப்பாக்கிய கல் ஒன்று. முதல் கல் நாம். இரண்டாவது கல் நாம் ஆகவேண்டியது. மொத்தம் மூன்று படி. வீட்டுக்குத் தெரியவருமுன்பே அப்பா இரண்டு ஏறிவிட்டார்.

"மூணாவதுல என்னப்பா இருக்கு?"

"அத ஏறினவங்கதான் சொல்லணும். ஏறினவங்க சொல்லமாட்டாங்க."

இந்தப் பதிலோடு ஒரு ஒன்பது வயதுப் பிள்ளையை விட்டுவிட்டுப் போகலாமா? அன்றிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. அப்பா குளியலறைக்குள் ஆங்கிலத்தில் எதையோ மனப்பாடம் செய்வார், ஒருவர் கேள்வி கேட்பதுபோலவும் இன்னொருவர் பதில் சொல்வதுபோலவும். நான் கதவில் காதை வைத்துக்கொண்டு நிற்பேன். குழாயைத் திறந்துவிட்டுவிடுவார். பீரோவின் மேல் ஒரு சிறிய தோல்பெட்டி இருந்தது. ஒருநாள் அம்மாவும் நானும் அதைத் திறந்தோம். உள்ளே வெள்ளைக் கையுறையும், கீழ் முனைகளில் இரண்டு நீலப் பூ வைத்துத் தைத்த ஒரு வெள்ளைத் தோல் ஏப்ரனும் இருந்தன. அது ஆட்டுக்குட்டித் தோல் என்று தெரிந்ததும் அம்மா கையை மூன்று தடவை கழுவினாள். நாங்கள் முட்டைகூடச் சாப்பிடாத வீடு.

"தோலக் கொண்டாந்து சாமி ரூமுக்கு அடுத்தாப்புல வச்சிருக்கியளே, இது நல்லாருக்கா?" என்று அப்பாவிடம் கேட்டாள். அப்பா பெட்டியை எடுத்து ஸ்கூட்டர் டிக்கியில் வைத்துக்கொண்டார். இத்தனைக்கும் அந்த வருஷம் அவர்கள் சண்டை போட்டதேயில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது. அப்பா ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்கு நடந்துகொண்டே இருப்பார். மின்விசிறியைப் போடுவார், அணைப்பார். மாடிப்படியில் பாதியில் நின்று எதையோ மறந்தவர்போல யோசிப்பார். அம்மா அவரைப் பார்ப்பதை விட்டுவிட்டு என்னைப் பார்ப்பாள்.

தசராவுக்கு அம்மா குலசேகரன்பட்டினத்து அம்மனுக்கு மாலை போட்டாள். எங்கள் வீட்டில் அதற்கு முன்னால் யாரும் போட்டதில்லை. எதற்கு என்று கேட்டேன். நான் நன்றாகப் படிக்கவேண்டும் என்று வேண்டுதலாம். வகுப்பில் இரண்டாவது ரேங்க் வாங்குகிறவளுக்கு இவ்வளவு பெரிய வேண்டுதலா என்று பெருமையாகத்தான் இருந்தது. தசராவின் கடைசி நாளான சனிக்கிழமை அம்மாவும் அத்தையும் தெருக்காரர்களோடு வேனில் குலசைக்குக் கிளம்பிப் போனார்கள். அன்று மதியம்தான் அப்பாவுக்கு மூன்றாம் படி. என்னை விட்டுவிட்டுப் போக வீட்டில் ஆள் இல்லை. ஒரு கதைப் புத்தகம், ஒரு பொட்டலம் தட்டை, தண்ணீர் பாட்டில். என்னையும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டார்.

வேப்பமரங்களுக்கு நடுவே பழைய ஓட்டுக் கட்டடம். உள்ளே நீளமான வராந்தா, கடைசியில் ஒரு பெரிய கதவு. கதவுக்கு வெளியே ஒரு நாற்காலியில், மடியில் உருவிய வாளை வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். ரிட்டயர்டு ஏட்டாம். சங்கத்தைச் சேராத யாரும் உள்ளே நுழையாமல் காப்பது அவர் வேலை. எந்த ஊர்ச் சங்கமானாலும் இப்படி வாளோடு ஒருவர் வாசலில் இருப்பார் என்று அப்பா சொன்னார். நான் அந்த வாளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஏட்டு என்னைப் பார்த்த பார்வையில் மகிழ்ச்சி இல்லை.

"சின்னப் பிள்ளையல்லாம் கூட்டிட்டு வரலாமா சார்?"

"வராந்தாவுலயே இருப்பா ஏட்டையா. நல்ல பிள்ள."

பக்கத்து அறைக்குள் போய் அப்பா வெளியே வந்தபோது எனக்கு அவரை அடையாளமே தெரியவில்லை. சட்டைப் பொத்தான்கள் திறந்து மார்பு தெரிந்தது. இரண்டு சட்டைக் கைகளையும் முழங்கைக்கு மேலும், இரண்டு பேண்ட் கால்களையும் முழங்காலுக்கு மேலும் சுருட்டிவிட்டிருந்தார். ஷூவின் பின்பக்கத்தைக் குதிகாலால் மிதித்து நசுக்கி மாட்டியிருந்தார். ஆற்றில் இறங்கப்போகிறவர் மாதிரி இருந்தது. இடுப்பில் அந்த ஏப்ரன். நான் சிரித்திருக்க வேண்டும். சிரிப்பு வரவில்லை. அவர் என் தலையில் கைவைத்தார். கை ஜில்லென்று இருந்தது.

ஏட்டு வாளின் பிடியால் கதவைத் தட்டினார். ஒரு தட்டு. கொஞ்சம் விட்டு இரண்டு தட்டு. கதவு ஒரு ஆள் நுழைகிற அளவுக்குத் திறந்தது. பட்டப்பகலில் உள்ளே இருட்டு. ஒரே ஒரு சின்ன விளக்கு. அந்த வெளிச்சத்தில் தரையில் ஒரு மண்டையோட்டைப் பார்த்தேன். அப்பா உள்ளே போனதும் கதவு சாத்தப்பட்டது.

அதற்குப் பிறகு நான் புத்தகத்தில் ஒரே பக்கத்தை எத்தனை தடவை புரட்டினேன் என்று தெரியாது. எழுந்தேன், உட்கார்ந்தேன். ஏட்டும் உட்கார்ந்தார், எழுந்தார். அவருக்கு வேறு பிரச்சினை. கடைசியில் வாளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"எனக்குச் சுகரு. அடக்க முடியாது. இந்தா வந்துருதேன். அந்தக் கதவுப் பக்கம் போனேன்னு வையி…" என்று வாளை லேசாக ஆட்டிக் காட்டிவிட்டு, கொல்லைப் பக்கம் விரைந்து போனார். எத்தனையோ தலைமுறையாகக் காத்துவந்த கதவை அன்று சர்க்கரை வியாதி திறந்துவிட்டது.

உள்ளே யாரோ உரத்த குரலில் எதையோ கேட்பது கேட்டது. பதில் இல்லை. மறுபடி கேட்டது. மறுபடி பதில் இல்லை. பிறகு 'தொப்'பென்று ஒரு சத்தம். ஒரு ஆள் விழுகிற சத்தம். அதன்பிறகு ஒன்றுமே இல்லை.

ஓடினேன். ஏட்டு தட்டிய மாதிரியே, கொண்டுபோயிருந்த தண்ணீர் பாட்டிலால் ஒரு தட்டு, கொஞ்சம் விட்டு இரண்டு தட்டு. கதவு திறந்தது. திறந்தவர் தன் உயரத்துக்கு ஆளைத் தேடினார். நான் அவர் கைக்குக் கீழே புகுந்துவிட்டேன்.

அப்பா தரையில் மல்லாந்து கிடந்தார். உடம்பின் மேல் கறுப்புத் துணி. முகத்தின் மேல் ஒரு வெள்ளைக் கைக்குட்டை. சுற்றிலும் வெள்ளைக் கையுறை போட்ட ஆட்கள். ஒருவரும் அசையவில்லை.

"அப்பா! ஏ அப்பா! எந்திரிப்பா!"

துணிக்கு வெளியே கிடந்த கையைப் பிடித்து இழுத்தேன். வியர்வையில் வழுக்கியது. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். அப்பா எழுந்து உட்கார்ந்தார். கைக்குட்டை மடியில் விழுந்தது.

"ஒண்ணும் இல்லட்டி. இங்கனதான் இருக்கேன். பாரு, இங்கனதான் இருக்கேன்."

யாரோ விளக்குகளைப் போட்டார்கள். அப்போதுதான் எல்லாம் தெரிந்தது. கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட தரைவிரிப்பு. ஒரு மேஜையில் கீதை, குர்ஆன், பைபிள் மூன்றும் வரிசையாகத் திறந்திருந்தன. சங்கத்துக்குத் தலைவராக இருந்தவர் பாளையங்கோட்டை கண் டாக்டர். எனக்குக் கண்ணாடி எழுதிக்கொடுத்தவரே அவர்தான். மேலப்பாளையத்து ஜவுளிக்கடை பாய் குனிந்து என் கண்ணைத் துடைத்தார்.

"பயப்படாதம்மா. வாப்பா எங்கயும் போகல." அவர்கள் வீட்டில் அப்பாவை அப்படித்தான் சொல்வார்கள்.

ஏட்டு வாசலில் வந்து நின்றார். முகம் செத்துப்போயிருந்தது. "ஒண்ணுக்குப் போனது ஒரு குத்தமாய்யா" என்று யாரிடமோ கேட்டுக்கொண்டே இருந்தார்.

டாக்டர் அப்பாவின் தோளைத் தொட்டார். "பிள்ளைய வெளிய இருக்கச் சொல்லுங்க. பத்து நிமிஷத்துல முடிச்சிருவோம். இல்லன்னா அடுத்த மாசம் வச்சுக்கிடுவோம்."

"அடுத்த மாசம் நான் இருப்பேனான்னு தெரியலையே டாக்டர்" என்றார் அப்பா.

எனக்கு அது புரிந்தது என்றுதான் நினைத்தேன். பள்ளிக்கூடத்தில் பயிற்சிக்காக அவரை மதுரைக்கு அனுப்பப்போவதாக வீட்டில் பேச்சு இருந்தது. அப்பா என் முன்னால் மண்டியிட்டு, பத்தே பத்து நிமிஷம் வெளியே இருக்க முடியுமா என்று கெஞ்சினார். அப்பா என்னிடம் கெஞ்சியது அந்த ஒரு தடவைதான். நான் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு, முடியாது என்றேன். அவர் டாக்டரைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சட்டைப் பொத்தானைப் போட ஆரம்பித்தார்.

வீட்டுக்குத் திரும்புகிற வழியில் ஸ்கூட்டரை ஆற்றுப்பாலத்தின் ஓரமாக நிறுத்தினார். கீழே தாமிரபரணியில் வெள்ளம் கலங்கலாகப் போய்க்கொண்டிருந்தது. "வையுதியா?" என்று கேட்டேன். திட்டவில்லை என்று தலையாட்டினார். ரொம்ப நேரம் ஆற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் அவசரப்படுத்தினேன். அம்மாவுக்குச் சொல்லவேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தேன். அன்று சாயங்காலமே அத்தையின் கைப்பேசிக்குக் கூப்பிட்டு, அப்பாவைக் கொல்லப் பார்த்தார்கள், நான்தான் காப்பாற்றினேன் என்று சொன்னேன். மறுமுனையில் மேளச் சத்தத்துக்கு நடுவே அம்மா சத்தம் போட்டு அழுதாள்.

பதினைந்து நாள் கழித்து அப்பா மதுரைக்குப் போனார். பயிற்சிக்கு இல்லை. அவருடைய இருதயத்துக்குப் போகிற குழாய்களில் மூன்று அடைத்திருந்தன. நெஞ்சைத் திறந்து செய்கிற ஆபரேஷன். அது தெரிந்துதான் அம்மா மாலை போட்டிருந்தாள். அது தெரிந்துதான் அப்பா மூன்றாம் படிக்கு அவசரப்பட்டிருந்தார். இதெல்லாம் எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் சொல்லப்பட்டது. அந்தப் படியில் மனிதனைச் சாகச்சொல்லிப் பழக்குவார்கள் என்றும், செத்தவனைப்போல் கிடப்பவனைக் கடைசியில் ஒருவர் கைகொடுத்துத் தூக்கி நிறுத்துவார் என்றும், அதுதான் அந்தச் சடங்கின் முடிவு என்றும் கல்லூரியில் படிக்கும்போது நானே ஒரு புத்தகத்தில் வாசித்துத் தெரிந்துகொண்டேன். அப்பா சொல்லவில்லை. வாக்குக் கொடுத்திருந்தார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அப்பா இப்போதும் இருக்கிறார், பெருமாள்புரத்தில் காலையும் மாலையும் நடக்கிறார். கண் டாக்டர் அடுத்த வருஷமும் அதற்கடுத்த வருஷமும் கூப்பிட்டுப் பார்த்தார். அப்பா கூட்டங்களுக்குப் போனார், சங்கத்து நண்பர்களோடு கூடிச் சாப்பிட்டார், ஆனால் மூன்றாம் படிக்கு மட்டும் போகவில்லை. ஆபரேஷனுக்கு உள்ளே போகும்முன் அம்மாவிடம், "என்னைய ஒரு தடவ எழுப்பியாச்சு, பயப்படாத" என்றாராம். ஏன் சொன்னார் என்று அம்மாவுக்கு இன்றுவரை விளங்கவில்லை. நானும் விளக்கவில்லை.

ஆனால் அந்த வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம் வேறு. மதுரையிலிருந்து அப்பா இளைத்துப்போய்த் திரும்பினார். சட்டையை மாற்றும்போது நெஞ்சின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு நீளமான தையலைப் பார்த்துவிட்டேன். சட்டையைத் திறந்துவிட்டுக்கொண்டு அந்த இருட்டு அறைக்குள் போனவர்தானே! நான் பார்க்காத நேரமாகப் பார்த்து அவர்கள் தொடங்கியதை முடித்துவிட்டார்கள் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. வாசல் கேட்டுக்குப் பக்கத்திலேயே காவல் இருந்தேன்.

நான்காவது நாள் ஜவுளிக்கடை பாய் வந்தார். அவரும் சங்கத்து ஆட்கள் இரண்டு பேரும் மதுரையில் ரத்தம் கொடுத்ததும், அம்மாவோடு இரண்டு நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்ததும் அப்போது எனக்குத் தெரியாது. கையில் ஒரு பை ஆரஞ்சுப் பழம். நல்ல வெயில்.

"வாப்பா முழிச்சிருக்காங்களாம்மா?"

"அப்பா இங்க இல்ல" என்றேன். கேட்டின் தாழ்ப்பாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

உள்ளே அப்பா இருமுவது இரண்டு பேருக்குமே கேட்டது. "சரிம்மா, வந்தா பாய் கேட்டாங்கன்னு சொல்லு" என்று சிரித்துவிட்டு, பையை வாசல் கேட்டின் கம்பியில் மாட்டிவிட்டுப் போனார். அவர் தெருமுனை திரும்புகிறவரை நின்று பார்த்தேன். பிறகு ஆரஞ்சுகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சாக்கடையில் உருட்டிவிட்டேன்.